நல்லிணக்கத்தின் வரவு செலவு

அழகர்மலைக் குகைத்தளத்தில் ஒரு நன்கொடையாளர் பட்டியல் இருக்கிறது. சமணத் துறவிகள் தங்குவதற்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், தங்கள் பெயரையும் தொழிலையும் தமிழ் பிராமியில் அங்கே பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மதுரைப் பொற்கொல்லன் ஒருவன். உப்பு வணிகன் ஒருவன். கலப்பைக்குக் கொழு விற்றவன், பாணிதம் என்ற வெல்லப்பாகு விற்றவன், துணி விற்ற அறுவை வணிகன். அங்கிருந்து அதிக தூரமில்லாத மாங்குளத்து மலையில் இதைவிடப் பழைய எழுத்துகள் உள்ளன. நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி, கணிநந்தன் என்ற துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி ஒரு பாறையில். வெள்ளறை நிகமத்தோர் என்ற வணிகர் குழு கூட்டாகச் சேர்ந்து கொடுத்த செய்தி இன்னொரு பாறையில். ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட தமிழ் பிராமி பெருநூலில் இவற்றின் படிகளும் வாசிப்புகளும் வரிசையாக இருக்கின்றன.

அரசனின் ஆளைவிட உப்பு வணிகன்தான் என்னை அங்கே அதிக நேரம் நிற்க வைக்கிறான். படியளந்து விற்ற உப்பில் வந்த காசு அது. அதில் ஒரு பங்கு, ஊருக்கு வெளியே மலையில் கிடந்த ஒரு துறவியின் படுக்கைக்குப் போயிருக்கிறது. தன் கடைவாசலுக்கு வந்து ஒருநாளும் சரக்கு வாங்கப் போகாத ஆளுக்கு ஒரு கடைக்காரன் கொடுத்த கொடை.

மதத்துக்குப் பணம் கொடுப்பதில் மதுரைக்குக் கை தாராளம். கும்பாபிஷேகத்துக்கு, சந்தனக்கூட்டுக்கு, தேர்ப்பவனிக்கு என்று வசூல் நோட்டு எப்போதும் தெருவில் சுற்றிக்கொண்டே இருக்கும். மதங்களுக்கு நடுவில் போய் நிற்கிறவர்கள் கொஞ்சம்பேர் இருக்கிறார்கள். கலவரம் வரும் என்று தெரிந்ததும் இரண்டு பக்கமும் ஓடிப் பேசுகிறவர்கள். ஊரே ஒரு சாமியைக் கும்பிடும்போது வேறு சாமியைக் கும்பிடப்போன ஒரு குடும்பத்துக்குத் துணை நிற்கிறவர்கள். இவர்களுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? யார் கொடுக்க வேண்டும்? மதுரையின் பழைய கணக்குகளைப் புரட்டினால் இதற்குப் பதில் கிடைக்கிறது. அந்தப் பதில் ஒற்றையாக இல்லை.

கோரிப்பாளையம் தர்காவிலிருந்து தொடங்கலாம். கூன்பாண்டியன் காலத்தில் 14,000 பொன்னுக்கு ஆறு கிராமங்கள் தர்காவுக்கு விடப்பட்டதாகவும், பின்னால் எழுந்த வழக்கை விசாரித்து 1573இல் வீரப்ப நாயக்கர் அந்த உரிமையை உறுதி செய்ததாகவும் அங்கிருக்கும் கல்வெட்டு சொல்கிறது. 1906இல் வந்த மதுரை மாவட்ட கெசட்டியரும் இதைப் பதிவு செய்திருக்கிறது. சொக்கிகுளம், பீபிகுளம், கண்ணனேந்தல், திருப்பாலை என்று அந்தக் கிராமங்களின் பெயர்கள் இன்று நகரப் பேருந்துகளின் நெற்றியில் ஓடுகின்றன. பாண்டியன் கொடுத்ததைப் பெருமையாகச் சொல்லாதவர்கள் மதுரையில் குறைவு. நாயக்கர் செய்ததுதான் அதைவிடக் கடினமான காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. இடையில் ஆட்சி மாறியது, சுல்தான்கள் வந்து போனார்கள், விஜயநகரப் படை வந்தது. பழிதீர்க்கக் காரணம் தேடியிருந்தால் எத்தனையோ கிடைத்திருக்கும். முன்னூறு ஆண்டுப் பழைய வாக்கை ஒரு வைணவ அரச மரபின் ஆள் எடுத்துப் பார்த்து, செல்லும் என்று எழுதிக் கொடுத்தார். மத நல்லிணக்கத்துக்கு ஓர் அரசு தரக்கூடிய பெரிய நிதி, ஏற்கெனவே கொடுத்த வாக்கைப் பிடுங்காமல் இருப்பதுதான்.

சோழ நாட்டிலும் இதற்கு இணை உண்டு. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் கிராமத்தின் வருவாயை முதலாம் ராஜராஜன் விட்டுக்கொடுத்தான். தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய அதே சைவன். கடல் கடந்த நாட்டு அரசனின் பணத்தில், வேறு மதத்துக்காக எழுந்த கட்டடம். அதற்கு உள்ளூர் நிலத்திலிருந்து படி. லெய்டன் செப்பேடுகள் இந்தக் கணக்கை நில எல்லை முதற்கொண்டு சொல்கின்றன. திருப்பரங்குன்றத்துக் குகையில் உள்ள ஒரு தமிழ் பிராமி எழுத்தும் எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் ஒருவனின் கொடையைச் சொல்வதாகவே வாசிக்கப்படுகிறது. வெளியூர்க் காசு இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

அந்தத் திருப்பரங்குன்றத்துக்கே வருவோம். அடிவாரத்தில் சுப்பிரமணிய சுவாமி கோயில், மேலே காசி விசுவநாதர் கோயிலும் சிக்கந்தர் தர்காவும், பாறைச் சரிவில் சமணப் படுக்கைகள். மலை யாருக்குச் சொந்தம் என்று 1920இல் தேவஸ்தானம் மதுரை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1923இல் சார்பு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 1926இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1931இல் லண்டன் பிரிவி கவுன்சில் முதல் தீர்ப்பையே நிலைநாட்டியது. தர்காவும் அதற்குப் போகும் படிகளும் நெல்லித்தோப்பும் முஸ்லிம்களுக்கு, பொதுவாக மலை கோயிலுக்கு என்பது அதன் சாரம். ஒரு குன்றைப் பற்றிய வழக்கு பதினோரு ஆண்டுகளில் மூன்று நீதிமன்றப் படிகள் ஏறி, கப்பல் ஏறி லண்டன்வரை போயிருக்கிறது. அந்தச் செலவெல்லாம் யாரோ உண்டியலில் போட்ட காணிக்கையிலிருந்தும் யாரோ கொடுத்த சந்தாவிலிருந்தும் போனதுதானே. சண்டைக்குப் பணம் எப்போதும் கிடைத்துவிடுகிறது.

2025 பிப்ரவரியில் அந்த மலையை முன்னிட்டுத் தடையுத்தரவு போடப்பட்டது, பழங்காநத்தத்தில் பெருங்கூட்டம் கூடியது. அதே ஆண்டு டிசம்பரில் கார்த்திகைத் தீபத்தை ஒட்டி மறுபடியும் போலீஸ் வேலிகள். வேன் பிடித்துக்கொண்டு வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பிளெக்ஸுக்கும் குறைவில்லை. சன்னதித் தெருவில் பூ விற்கிறவர்களும் ஆட்டோ ஓட்டுகிறவர்களும், மாமன் மச்சானாகப் பழகுகிற எங்களுக்குள் எந்தத் தகராறும் இல்லை என்று தொலைக்காட்சிக்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மை. ஆனால் அவர்களுக்கு மைக் இல்லை, மேடை இல்லை, பத்தாயிரம் நோட்டீஸ் அடித்து வீடுவீடாகக் கொடுக்க ஒரு ஆளும் இல்லை. கடையை மூடிய அந்த நாள்களின் நட்டத்தையும் அவர்களேதான் தாங்கினார்கள்.

நடுவில் நிற்கும் வேலைக்கு என்ன செலவாகும்? மதுரையில் இதை நெடுங்காலம் செய்துவரும் ஒரு பெரியவரைத் தெரியும். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சங்கத்தில் இருந்த பழக்கத்தால் எதையும் நோட்டில் எழுதி வைப்பார். நாற்பது பக்க நோட்டு, அட்டையில் முருகன் படம், உள்ளே குழுவின் கணக்கு. ஆட்டோ. டீ, வடை. நோட்டீஸ் அச்சுக்கூலி. மைக் செட். மண்டப வாடகை. ஒருவருக்கு ஒருநாள் கூலி இழப்பு. இன்னொருவருக்குச் செல்போன் ரீசார்ஜ். சமாதானக் கூட்டத்துக்குத் தாலுகா அலுவலகம் போய்வந்த பஸ் செலவு மட்டும் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. ஒரு தொண்டு நிறுவனம் அவர்களுக்குக் கொஞ்சம் உதவ முன்வந்து, கணக்கு கேட்டது. அதைப் பற்றிச் சொன்னார்.

“வவுச்சர் இருக்கான்னு கேக்குறாங்க தம்பி. கேக்க வேண்டியதுதான், அவங்க ஆடிட்டர் அவங்களக் கேப்பாரு. ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு ஹஜ்ரத் வீட்டுக்கும் நாட்டாமை வீட்டுக்கும் மாறிமாறி நடந்தமே, அதுக்கு எந்தக் கடையில வவுச்சர் வாங்குறது? அன்னைக்கு நாங்க போகலேன்னா அடுத்த நாளு கல்லு விழுந்திருக்கும். விழல. விழாத கல்லுக்குப் போட்டோ எடுக்க முடியுமா?”

இந்த வேலைக்கு நிதி கொடுப்பதில் உள்ள முழுச் சிக்கலும் அவர் பேச்சில் அடங்கியிருக்கிறது. நடந்ததைத்தான் அறிக்கையில் எழுத முடியும். இந்த வேலையின் பலனோ ஒன்றும் நடக்காமல் போவது. அதனால் நிதி கொடுக்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிவதை நோக்கிப் போகிறார்கள். கருத்தரங்கு, மூன்று மதத் தலைவர்கள் சேர்ந்து குத்துவிளக்கு ஏற்றும் படம், மாணவர் பேரணி, உறுதிமொழி. அப்படி ஒரு கருத்தரங்கின் வருகைப் பதிவேட்டில் பெயர், ஊர், செல் எண்ணுக்கு அடுத்து மதம் என்று ஒரு கட்டம் போட்டிருந்ததைப் பார்த்தேன். எத்தனை மதத்தினர் வந்தார்கள் என்று மேலே கணக்குக் காட்டியாக வேண்டும். எனக்கு முன்னால் நின்ற பெண் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, பின்னால் திரும்பிப் பார்த்து, பிறகு எழுதினார். பக்கத்தில் இருப்பவரின் மதம் என்ன என்று யோசிக்காமல் உட்கார வேண்டிய இடத்தில், முதலில் அதை எழுதிவிட்டு உள்ளே வரச் சொன்னோம்.

அரசாங்கப் பணம் எங்கே என்று கேட்கலாம். மதங்களுக்கு அரசு ஒன்றுமே கொடுக்காமல் இல்லை. அரசியலமைப்பின் 290அ பிரிவிலேயே, பழைய திருவிதாங்கூரிலிருந்து வந்த கோயில்களுக்காகத் தமிழ்நாடு ஆண்டுதோறும் 13,50,000 ரூபாய் தேவஸ்வம் நிதிக்குத் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ரமலான் நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசல்களுக்கு அரிசி, ஜெருசலேம் பயணத்துக்கும் மானசரோவர் யாத்திரைக்கும் மானியம். இவற்றில் எனக்குக் குறை இல்லை. நோன்பு மாதத்து மாலையில் மதுரைப் பள்ளிவாசல்களின் வாசலில் தூக்குச்சட்டியோடு நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு, அந்த அரிசி யார் யார் வயிற்றுக்குப் போகிறது என்று தெரியும். ஆனால் ஒவ்வொரு மதத்துக்கும் தனித்தனியாகக் கொடுப்பது ஒன்று, மதங்களுக்கு இடையிலான வேலைக்குக் கொடுப்பது வேறு. கோவை கோட்டைமேட்டில் மக்கள் ஒற்றுமைக்காக நின்று கொல்லப்பட்ட கோட்டை அமீரின் பெயரால் ஒவ்வொரு குடியரசு நாளிலும் தமிழக அரசு ஒரு பதக்கம் தருகிறது. அதோடு தரப்பட்டு வந்த காசோலை 25,000 ரூபாய். மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் 1992இல் ஏற்படுத்தப்பட்ட மத நல்லிணக்க அறக்கட்டளை, கலவரத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளின் படிப்புக்கு உதவுகிறது. நவம்பர் 25ஆம் தேதி கொடிநாள் வசூல் நடத்துகிறது. கலவரத்துக்குப் பின்னால் வரும் அந்த உதவி அவசியமானது. கலவரத்துக்கு முந்தைய நாள் இரவில் நடக்கிறவருக்கு அங்கே தலைப்பு இல்லை.

கம்பெனிகளுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டுகிறவர்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதன் ஏழாம் அட்டவணையில் பசி, கல்வி, சுற்றுச்சூழல், விளையாட்டு, பாரம்பரியச் சின்னங்கள், பேரிடர் என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. மதங்களுக்கு இடையிலான ஒற்றுமை அந்தப் பட்டியலில் வரவில்லை. ஊர் பற்றி எரிந்தால் முதலில் மூடப்படுவது கடைகளும் ஆலைகளும்தான். அப்படியிருந்தும் இந்தத் தலைப்பு யாருக்கும் தோன்றாமல் போனது ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

மிச்சமிருப்பது வெளிநாட்டுப் பணம். இதைப் பற்றிப் பேசும்போது மதுரைக்காரர்கள் உண்மையைப் பாதியாகச் சொல்லக் கூடாது. 1834இல் அமெரிக்க மதுரை மிஷன் வந்தது. பசுமலையிலிருந்து வளர்ந்த அமெரிக்கன் கல்லூரியும், 1948இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரியும் கடல் கடந்து வந்த காசின் பிள்ளைகள். எல்லாச் சாதி, எல்லா மதப் பிள்ளைகளும் அங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள், இன்றும் படிக்கிறார்கள். அந்தக் காசு வந்த நோக்கத்தில் மதமாற்றமும் இருந்தது; அதை மிஷனரிகள் மறைக்கவில்லை. அதனால்தான் வெளியிலிருந்து வரும் மத நிதி என்றதும் சிலருக்கு வயிற்றில் புளி கரைகிறது. அந்தப் பயத்தைக் கிளறிவிட்டு அரசியல் செய்கிறவர்கள் உண்டு. என்றாலும் அந்தப் பயம் வெறுங்காற்றில் பிறந்ததில்லை.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் முதலில் வந்தது. 2010இல் புதிதாக எழுதப்பட்டது. 2020 செப்டம்பரில் இறுக்கப்பட்டது. அந்தக் கடைசித் திருத்தம்தான் சிறு குழுக்களின் கழுத்தில் விழுந்தது. வெளிநாட்டு நன்கொடை பெறும் ஓர் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குப் பிரித்துத் தருவது முழுக்கத் தடை செய்யப்பட்டது. நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20ஆகக் குறைந்தது. பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளைக்குத்தான் வர வேண்டும் என்றானது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பிரித்துத் தருவதற்கான தடையையும் டெல்லிக் கணக்கு விதியையும் செல்லும் என்றது. பதிவும் தணிக்கையும் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் ஆளும் உள்ள பெரிய நிறுவனம் சென்னையிலோ டெல்லியிலோ இருக்கும். உசிலம்பட்டிப் பக்கமோ திருமங்கலத்துப் பக்கமோ ஐந்துபேர் கொண்ட ஒரு குழுவுக்கு அது முன்பு ஓராண்டுச் செலவைப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. அந்த வாய்க்கால் இப்போது அடைபட்டுவிட்டது. நிர்வாகச் செலவு என்று சட்டம் பார்க்கும் சம்பளமும் பயணமும்தான் இந்த வேலையில் வேலையே. ஆள் நடக்கிறார், பேசுகிறார்; அதைத் தவிர இதில் வாங்கிப்போட வேறு பொருள் கிடையாது.

வெளிப்பணத்தின் இன்னொரு பலவீனத்தை இலங்கையில் பார்க்கலாம். தேசிய சமாதானப் பேரவை அங்கே மாவட்டந்தோறும் சர்வமதக் குழுக்களை அமைத்தது; பிக்குவும் குருக்களும் மௌலவியும் பாதிரியாரும் ஒரே மேசையில். போர் முடிந்த நாட்டில் அது சாதாரண வேலை இல்லை. இத்தகைய வேலைகள் அங்கே பெரிதும் மேலைநாட்டு உதவியில்தான் நடந்தன. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது, அதே ஆண்டு ஜூலையில் அதன் உதவி நிறுவனமே மூடப்பட்டது, உலகம் முழுக்க நடந்துகொண்டிருந்த திட்டங்கள் பாதியில் நின்றன. வாஷிங்டனில் தேர்தல் முடிவு மாறினால் ஒரு கிழக்கு மாகாண ஊரில் மௌலவியும் குருக்களும் சந்திப்பது நிற்கும் என்றால், அந்தச் சந்திப்புக்கு வேர் பிடிக்கவில்லை என்றுதான் பொருள்.

அப்படியானால் உள்ளூர்க் காசுதான் சரி என்று முடித்துவிடலாமா? என் மனமும் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. திருப்புவனம் பக்கத்து முதுவன்திடலில் மொகரத்துக்கு இந்துக்கள் பாத்திமா நாச்சியாரை நினைத்துப் பூக்குழி இறங்குகிறார்கள். மஃரிப் தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி ஊதட்டும் என்று, காய்ச்சல் கண்ட பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மதுரைப் பள்ளிவாசல் வாசல்களில் பொட்டு வைத்த பெண்கள் நிற்கிறார்கள். கையில் ஒரு தண்ணீர் பாட்டில், புடவை முந்தானையில் முடிந்த பத்து ரூபாய். இதற்கு எந்தத் திட்ட அறிக்கையும் தேவைப்படவில்லை. சித்திரைத் திருவிழாவில் மண்டகப்படி வைத்திருப்பவர்களைப் பாருங்கள். அழகர் வந்து இறங்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குச் செலவு செய்வதை எந்தக் குடும்பமும் எந்தச் சங்கமும் சுமையாக நினைக்காது. கொடுத்தவனுக்கு அங்கே உரிமை உண்டு, மரியாதை உண்டு, அடுத்த ஆண்டும் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டும் உண்டு.

ஆனால் அந்தக் கட்டுக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது, மதுரைச் சமவெளியின் கிராமங்களில் அது முகத்தில் அறையும். தலைக்கட்டு வரி. திருவிழாவுக்குக் கல்யாணமான ஆண் ஒருவருக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டம் விதிக்கும். வரி கொடுத்தவர்தான் ஊரில் சேர்த்தி. ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கிய ஒரு குடும்பம் அம்மன் திருவிழா வரியைக் கொடுக்க மறுக்கிற அன்று, மதச் சுதந்திரம் என்ற பெரிய சொல் ஒரு சின்னத் தொகையின் வடிவில் வந்து வாசலில் நிற்கிறது. ஊர்க்காரர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு: ஊர்ப்பொதுவில் எல்லாம் வேண்டும், ஊர்ச்செலவு மட்டும் வேண்டாமா? குடும்பம் சொல்வதிலும் நியாயம் உண்டு. அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு, ஒரு மதத்தை வளர்ப்பதற்கான வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அது அரசுக்குச் சொன்னது. ஊர்க்கூட்டம் அதைப் படித்ததில்லை. பிறகு பொதுக்குழாயில் குடம் வைக்கக் கூடாது, மயானத்தில் இடம் கிடையாது, பால் ஊற்றக் கூடாது, பேசினால் அபராதம்.

இதற்கு நேர் எதிரான கதையும் இங்கேதான் உண்டு. தலித் குடியிருப்பு வரி கொடுக்க முன்வரும். ஊர் வாங்க மறுக்கும். வாங்கிவிட்டால் மண்டகப்படி கேட்பார்கள், தேர்வடம் தொடுவார்கள், கோயிலுக்குள் வருவார்கள். ஒருவரிடம் கட்டாயமாக வாங்குவதும் இன்னொருவரிடம் வாங்கவே மறுப்பதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள். உத்தப்புரத்தில் 2008 மே 6ஆம் தேதி தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. 2011 நவம்பரில் தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டார்கள். தமிழ்நாட்டில் மதச் சுதந்திரம் பற்றிப் பேசுகிறவர்கள் மதங்களுக்கு நடுவே உள்ள எல்லைக்கோட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தன் சொந்த மதத்துச் சாமியைத் தொட்டுக் கும்பிட முடியாமல் நின்றவர்களின் சுதந்திரத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. உத்தப்புரத்துப் போராட்டத்தை முன்னெடுத்தது தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மார்க்சிஸ்ட் கட்சியும். வெளியூர்களிலிருந்து வந்த ஆட்கள், வெளியூர்களில் திரட்டிய சந்தா. அந்த ஊரின் பொதுப்பணம் ஒருநாளும் அந்தச் சுவரை இடித்திருக்காது.

இங்கேதான் என் கணக்கு இரண்டாகப் பிரிகிறது. நல்லிணக்கத்துக்கு உள்ளூர்க் காசு வேண்டும். சேர்ந்து வாழ விருப்பம் உள்ளவர்கள் தாங்களே கொஞ்சம் கொடுத்தால்தான் அது நிற்கும். திட்டப் பணத்தில் வளர்ந்த ஒற்றுமை திட்டம் முடிந்ததும் கலைந்துவிடும். சுதந்திரம் வேறு. ஊரோடு ஒத்துப்போக மறுக்கும் ஒருவரின் உரிமை அது. அவருக்கு எதிராக நிற்கும் ஊரிடமே போய் அவருக்காக வசூல் நோட்டை நீட்ட முடியாது. அதற்குப் பணம் வெளியிலிருந்துதான் வர வேண்டும்: பக்கத்து நகரத்திலிருந்து, தூரத்துச் சங்கத்திலிருந்து, தேவைப்பட்டால் வேறு நாட்டிலிருந்தும். இரண்டையும் ஒரே பையில் போட்டு மத நல்லிணக்கம் என்று பெயர் எழுதிவிடுவதால்தான் கொடுக்கிறவர்களும் குழம்புகிறார்கள், தடுக்கிறவர்களும் குழம்புகிறார்கள். நல்லிணக்கத்தின் பெயரால் தனி ஆளை வாயடைக்கச் சொல்லும் சமாதானக் கூட்டங்கள் நிறைய நடக்கின்றன. வரியைக் கட்டிவிட்டுப் போ, ஊர் அமைதியாக இருக்கட்டும் என்பார்கள். அந்தச் சமாதானத்துக்குக் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் சுதந்திரத்திலிருந்து எடுத்த ரூபாய்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஒருவர் மதுரைக்குப் பக்கத்திலேயே இருந்தார். 1982இல் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறிஸ்தவ மீனவர்களும் மோதி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனபோது, குன்றக்குடி அடிகளார் கிளம்பிப் போனார். இந்துப் பகுதிக்கு மட்டுமல்ல, மீனவர் குப்பங்களுக்கும் போனார். பிறகு மூன்று மதத்தாரையும் கூட்டித் திருவருட் பேரவையை உருவாக்கினார். ஒரு சைவ ஆதீனம், தன் மடத்தின் பெயரையும் ஆள்பலத்தையும் இதற்குள் இறக்கியது. தன் பக்தர்கள் முகம் சுளிக்கலாம் என்று தெரிந்தும் செய்தார் என்பதால்தான் அந்தக் கொடைக்கு எடை. கூடவே குன்றக்குடியில் கூட்டுறவுச் சங்கங்கள், சிறுதொழில்கள் என்று கிராமத் திட்டத்தையும் நடத்திக்காட்டினார். இந்திரா காந்தி காலத்து மத்திய அரசு அதை மாதிரியாக எடுத்துக்கொண்டது. கூலிக்காக ஒன்றாக வேலைக்குப் போகிறவர்களைச் சாமியின் பெயரால் பிரிப்பது கடினம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1995இல் அவர் மறைந்தார். மதுரையைச் சுற்றி எத்தனை மடங்கள், எத்தனை ஜமாத்துகள், எத்தனை மறைமாவட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, தன் ஆண்டு வரவில் நூற்றில் ஒரு பங்கைத் தன் மதத்துக்கு வெளியே இருக்கும் மக்களின் வழிபாட்டு உரிமைக்காக ஒதுக்கினால் என்ன என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவரவர் மதத்தைக் காப்பாற்ற அவரவர் கொடுப்பதில் வியக்க எதுவும் இல்லை. பள்ளிவாசல் நிதியில் ஒரு தலித் குடும்பத்தின் கோயில் நுழைவு வழக்கு. ஆதீனத்தின் செலவில் ஒரு ஜெபவீட்டின் அனுமதி மனு. இதைக் கேட்டதும் சிரிக்கிறவர்கள் 1573ஆம் ஆண்டைச் சொல்லும் கோரிப்பாளையத்துக் கல்வெட்டைப் போய்ப் பார்க்கட்டும்.

நகரத்தில் இருக்கிறவர்கள் நாளைக்கே செய்யக்கூடியதும் உண்டு. 2004 முதல் யானைமலைக்கு எதிரே உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வக்கீல் கட்டணம் அவ்வளவு பெரிய தடையாக இருப்பதில்லை. நல்லிணக்கத்தில் அக்கறையுள்ள வக்கீல்கள் ஒத்தக்கடை டீக்கடைகளிலேயே கிடைப்பார்கள். குடும்பத்தை உடைப்பது வழக்கு நடக்கும் அந்த மாதங்கள்தான். ஊர்க்காரர்கள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். மளிகைக்கடையில் கடன் நின்றுவிடும். பிள்ளைகள் பள்ளி ஆட்டோவிலிருந்து இறக்கிவிடப்படுவார்கள். வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி வர வேண்டும், வருகிற அன்று கூலி கிடையாது. மூன்றாவது மாதம் அந்தக் குடும்பத் தலைவர் ஊர்ப் பெரியவர் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்டு, அபராதத்தோடு வரியையும் கட்டிவிட்டு வருவார். வழக்கு வாபஸ்.

ஆலைத் தொழிலாளிப் பெரியவரின் நோட்டில் இப்படி ஒரு குடும்பத்துக்காக ஒதுக்கிய பக்கம் ஒன்று இருக்கிறது. அரிசி, பால், பள்ளி ஆட்டோ, வாய்தா பஸ் செலவு. வரவுக் கட்டத்தில் நாலைந்து பெயர்கள்: ஒரு டெய்லர், ஒரு பாத்திரக்கடை, வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், ஒரு மார்க்கெட் பழக்கடை. யார் எந்த மதம் என்று அதில் எழுதவில்லை. இரண்டு மாதத்துக்கு மட்டும்தான் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு இன்னும் நடக்கிறது.